@ குறியும் என் சின்னவிரலும்

செவ்வாய்க்கிழமை, இரவு

கப்பல் முகவர் அலுவலகத்தில் இன்று முதல் நாள். பார்க்காமல் தட்டச்சு செய்வேன் என்று சொல்லித்தான் வேலை கிடைத்தது. துறைமுகத்துக்குள் போகும் பாஸ் எடுக்கிற கணினியின் பாஸ்வேர்டில் @ இருந்தது. வகுப்பில் கைகளைத் துணியால் மூடிப் பழக்கிய கீபோர்டில் அது வலது சின்னவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும். இங்கே அது மேல்வரிசையில் 2 என்ற இலக்கத்தோடு இருப்பதைப் பிறகுதான் கண்டேன். திரையில் வெறும் புள்ளிகள். இரண்டு தரம் பிழையாகிவிட்டது.

சேர் வந்து பின்னால் நின்றார்.

"இன்னொருக்காப் பிழைச்சால் பூட்டிப்போடும், பிள்ளை. பிறகு நாளைக்கு வாற கப்பலுக்கு ஒருத்தருக்கும் பாஸ் எடுக்கேலாது. காலமை என்ர முன்னால அடியுங்கோ."

"ஓம் சேர்" என்றேன். நாளைக்குக் குனிந்து பார்த்தால் என்ன நினைப்பார்?

சற்றுமுன் கண்ணை மூடி மேசையில் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் சின்னவிரல்தான் முந்துகிறது. அது முந்தாமல் இருக்கப் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு போகப்போகிறேன். சேர் கேட்டால், மீன் முள் குத்தியது என்பேன்.