படகுக்காரர்கள் பூசிய மச்சு

மாப்ள,

இன்று காலை அலுவலகம் போகும் வழியில் மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே வண்டியை நிறுத்தினேன். தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பைபர் பூசிக்கொண்டிருக்கிறார்கள். ரெசின் பசையின் வாடையில் கண் எரிந்தது. பக்கத்தில் வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாகக் கடந்து போனார். நான் பூக்கடை முன்னால் நிற்பவனைப் போல நின்றேன். எங்கள் நெடுங்காட்டு வீட்டில் அந்த வாடை ஓர் ஆடி மாதம் வரை இருந்தது. அது போனபோது யாரும் வருத்தப்படவில்லை. இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று இப்போது படுகிறது.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். குறுக்கே பேச நீ இல்லாததால் இந்த முறை முழுதாகச் சொல்லி முடிக்கலாம்.

அம்மா இடுப்பெலும்பு முறிந்து, புதுச்சேரியில் அண்ணன் வீட்டு மாடியில் படுத்திருந்தார். அண்ணனும் அண்ணியும் குறையில்லாமல் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவின் குறை, அது அவர் வீடு இல்லை என்பதுதான். முதலில் பேச்சைக் குறைத்தார், பிறகு சாப்பாட்டை. அழைத்து வரலாம் என்றால், எங்கள் வீட்டில் கழிப்பறையோடு சேர்ந்தது கொல்லைப்பக்கத்தில் தளம் போட்ட மச்சு அறை மட்டும்தான். மழை பெய்தால் அதற்குள் இருப்பவர்கள் வெளியே நிற்பவர்களைவிட அதிகமாக நனைவார்கள். அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"சரி பண்ணிட்டு அழச்சிட்டுப் போ. ஆனா அம்மா கட்டில்ல ஒரு சொட்டு வுழுந்துச்சுன்னா நான் வந்து திருப்பி அழச்சிட்டு வந்துடுவேன். அப்பறம் அந்த வீட்ட வச்சிக்கிட்டு என்ன பண்றது, வித்துடுவோம்."

வீட்டு வேலை என்று கேள்விப்பட்டதும் உறவினர்கள் உதவிக்கு வந்தார்கள். ஆளுக்கொரு நாற்காலியில் அமர்ந்து உதவினார்கள். அம்மாவின் தம்பியான மாமா, அரசுக் கட்டடங்களை மேற்பார்வை செய்து ஓய்வுபெற்றவர். அவர் மேற்பார்வையிட்டவற்றில் சில இன்னும் நிற்கின்றன. காலைக் காப்பிக்கு வந்தால் மாலைக் காப்பி முடிந்துதான் எழுந்திருப்பார். தளத்தை இடி என்றார், இடிக்காதே என்றார், ஓடு பதி என்றார், பதிக்காதே என்றார். பிற்பாடு எது நடந்தாலும் அதை அவர் முன்பே சொன்னதாக ஆகிவிடும்.

நீ கிளிஞ்சல்மேட்டிலிருந்து உன் படகு ஆட்களோடு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினாய். படகுக்கு வாங்கியதில் மிஞ்சிய ரெசினும், கண்ணாடி இழையாலான பைபர் பாயும் கூடவே வந்தன. சுனாமி வந்த ஆண்டு உன் வீட்டார் எங்களோடு தங்கியிருந்ததை நினைத்து, அதற்காகவா இதெல்லாம் என்று கேட்டுவிட்டேன்.

"ஒங்கம்மா வச்ச ரசத்துக்கா? அதுக்கு நான் பழிவாங்கல்ல வரணும்," என்றாய். "தடக்காலம் மாப்ள. வீட்ல ஒக்காந்திருந்தா பொண்டாட்டி பாக்குற பார்வ சரியில்ல."

மச்சைக் கழுவிக் காயவைத்தீர்கள். விரிசல்களை நிரப்பி, பாயை விரித்து, ரெசினை ஊற்றித் தேய்த்தீர்கள். கைப்பிடிச் சுவரிலும் ஒரு முழம் ஏற்றினீர்கள். என் பங்குக்கு நான் வாளி தூக்கினேன். அலுவலகத்தில் என் வேலை, மற்றவர்கள் செய்த வேலை சரியாக நடந்ததாக எழுதிவைப்பது. அந்தப் பழக்கம் மச்சிலும் வந்தது. என் வேட்டி நுனி ரெசினில் ஒட்டிக்கொண்டபோது கத்தரித்து என்னை விடுவித்தீர்கள்.

கைப்பிடிச் சுவரின் அடியில் மழைத்தண்ணீர் வடிவதற்கு இரண்டு துளைகள் இருந்தன. கடலுக்குப் போகிறவனுக்கு ஓட்டையில் நல்லது கெட்டது கிடையாது. இரண்டையும் தனிக் கவனத்தோடு, இரட்டைப் பாய் வைத்து அடைத்தீர்கள். நான் பக்கத்தில் நின்று மெச்சினேன். "தண்ணி போற வழிய வுட்டுட்டுப் பூசுங்கப்பா" என்று கீழேயிருந்து மாமா குரல் கொடுத்தார். அன்று அவர் சொன்ன யோசனைகளின் கூட்டத்தில் அதுவும் ஒன்றாகக் கரைந்துபோனது.

ஆவணியில் அண்ணனே அம்மாவைக் காரில் கொண்டுவந்து விட்டார். வந்த அன்றே அம்மா என் மனைவியிடம் சட்னியில் உப்பு போதவில்லை என்றார். பிழைத்துக்கொண்டார் என்று தெரிந்தது.

ஐப்பசியில் பெருமழை பிடித்தது. செய்தி பார்த்த அண்ணன் புதுச்சேரியிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். அம்மாவைப் பார்க்க என்று சொன்னார், கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அம்மாவின் கட்டிலருகே குடையை விரித்துப் பிடித்தபடி நின்றார். ஒரு சொட்டு விழவில்லை.

"கொடைய மடக்குடா, வெளிச்சத்த மறைக்கிது," என்றார் அம்மா.

நான் பெருமையோடு மச்சுக்கு ஏறிப் பார்த்தேன். அங்கே குளம் கட்டியிருந்தது. கெண்டைக்கால் வரை தண்ணீர், அதில் ஒரு தவளை.

"எட தாங்காது. தளமே எறங்கிடும்," என்றார் மாமா. வாழ்நாளில் முதன்முறையாக அவர் சொன்னதை எல்லாரும் நம்பினோம். அண்ணன் கார் சாவியை எடுத்துவிட்டார். அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நான் உன்னைக் கூப்பிட்டேன்.

மழையிலேயே பைக்கில் வந்தாய். நேராக மச்சுக்கு ஏறித் தண்ணீருக்குள் நின்றாய்.

"கீழ ஒழுகுதா?"

"இல்ல."

"ஒரு சொட்டுகூட?"

"இல்லடா. ஆனா இங்க பாரு."

சுற்றிலும் பார்த்தாய். உன் முகத்தில் வருத்தத்துக்கான அடையாளமே இல்லை. "உள்ள வுடாதது வெளியவும் வுடாது மாப்ள. நல்ல வேல," என்றாய். பிறகு உளியையும் சுத்தியலையும் வாங்கிக்கொண்டு, மனமில்லாமல், நீயே அடைத்ததை நீயே உடைத்தாய். கீழே நின்று "இன்னுங் கொஞ்சம் எடப்பக்கம்" என்று வழிகாட்டிக்கொண்டிருந்த மாமாவின் தலையில் அந்த ஐப்பசி முழுதும் இறங்கியது. குடை அம்மாவிடம் இருந்தது.

அண்ணன் கட்டில் விரிப்பை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார்.

"என்னடா தேடுற? நானும் நனைக்கல," என்றார் அம்மா.

அண்ணன் சிரித்துவிட்டார். மறுநாள் தனியாக ஊர் திரும்பினார். வீட்டை விற்கும் பேச்சு அதன்பிறகு எழவில்லை. உனக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். "எதுக்கு, ரெண்டு ஓட்ட போட்டதுக்கா?" என்று பைக்கை உதைத்தாய். மாமாவுக்கும் நான் நன்றி சொல்லவில்லை. ஒழுகாத கூரைக்குக் கீழே அக்காவுக்குக் குடை பிடிக்கும் தம்பி எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் வந்தாய். துளையில் சேர்ந்த வேப்பஞ்சருகைத் தள்ளிவிட்டு, அம்மாவிடம் ரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாய். போன ஆடியில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. அம்மாவிடம் சொன்னோம். அன்று முழுதும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அடுத்த மழைக்கு நான் ஏறினேன். கீழே அம்மா என் மனைவியிடம் கேட்டது காதில் விழுந்தது.

"மேல யாரு?"

"ஒங்க மவந்தான் அத்த."

"அந்தப் புள்ள நடந்தா மேல ஆளு இருக்குறதே தெரியாது. இவன் நடந்தா ஊருக்கே தெரியிது."

நீ மெதுவாக நடந்தாய் என்பதை நான் கவனித்ததே இல்லை. கீழே படுத்திருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆடும் படகுப் பலகையில் பழகிய கால், ஒருவர் தூங்குகிறார் என்று இன்னும் மெதுவாக நடந்திருக்கிறது. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள முயல்வது அந்த ஒன்றைத்தான். விரலை முதலில் ஊன்றி, குதிகாலைப் பிறகு இறக்கி நடக்கிறேன். என் வயதுக்கு அது அழகாக இருக்காது. மச்சில் பார்ப்பதற்கும் யாரும் இல்லை.

நேற்றுக் கோடை மழை பெய்தது. சருகைத் தள்ளிவிட்டு இறங்கி வந்து எட்டிப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடியிருந்தார். தூங்கினாரா, எனக்காகத் தூங்குவது போல இருந்தாரா, தெரியவில்லை.