என் முழங்காலுக்காக அத்தா விட்ட சிகரெட்

அன்பான அத்தா,

முழங்கால் நன்றாகிவிட்டது. ஆபரேஷனில் வைத்த தசைநார் எலும்போடு ஒட்டிப் பிடித்துவிட்டது, இனி கபடி ஆடலாம் என்று போன வாரம் ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சொன்னார். உடனே உங்களுக்குத்தான் போன் போடத் தோன்றியது.

வெம்பக்கோட்டையில் ஆடும்போது ஜவ்வு அறுந்து விழுந்தேனே, அப்போது சிவகாசியில் காலண்டர் சீசன். நம் கடையிலிருந்து அச்சகங்களுக்குப் பேப்பர் லோடு அனுப்புவதை அப்படியே போட்டுவிட்டு என்னை மதுரைக்குக் கூட்டிப்போனீர்கள். தொடையிலிருந்து தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டுப் பொருத்துவார்களாம். அது எலும்போடு ஒட்டி வளர மாதக்கணக்கில் ஆகும், புகைபிடித்தால் இன்னும் தாமதமாகும் என்றார் டாக்டர். பழக்கம் உண்டா என்று கேட்டார். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டேன்.

“சிகரெட் குடிப்பான் சார். என்னையப் பாத்துப் பழகுனதுதான். இன்னையில இருந்து ரெண்டு பேரும் விட்டுருறோம்,” என்றீர்கள்.

நான் பிறப்பதற்கு முன்பே வந்த பழக்கம். அம்மா அழுது கேட்டும் விடாதது. கடையில் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தீர்கள், கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு கிடந்தீர்கள். ஆனால் மறுபடி தொடவில்லை. நான் தவித்தால், எலும்போடு ஒட்டும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொள் என்பீர்கள்.

பிசியோதெரபிக்குப் போகும்போதெல்லாம் வெளியே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தீர்கள். விட்ட புதிதில் அப்படித்தான் இருக்கும் என்றீர்கள். நானும் நம்பினேன். கால் எவ்வளவு மடங்குகிறது என்பதிலேயே எனக்குக் கண். அத்தனை முறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோமே, உங்கள் நெஞ்சை ஒரு தடவை காட்டச் சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை? கடைசியில் காட்டியபோது நுரையீரல் முழுக்கப் புற்றுநோய் பரவியிருந்தது.

ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு நீங்கள் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான்.

“படி ஏறுனா காலு வலிக்குதாலே?”

“ஒனக்காகவாச்சும் விட்டாகள்ல, அத நெனச்சு மனசத் தேத்திக்கோ,” என்கிறார் அம்மா. அதுதான் அத்தா என்னை அறுக்கிறது. எனக்காக ஒரே நாளில் விட்ட மனிதரிடம், உங்களுக்காக விடுங்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பீர்களா?

அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக மூச்சு வாங்குகிறது. வயசானால் அப்படித்தான் என்கிறார். நாளைக் காலையில் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். வரமாட்டேன் என்று சண்டை பிடிப்பார். என்ன திட்டினாலும் சரி, காட்டாமல் விடமாட்டேன் அத்தா.

உங்கள் மூத்த மகன்,
ஜாகிர்