மாலினி சொன்ன பாண் கதை

14 ஜூன் 1998, ஞாயிறு

இன்று பின்னேரம் எங்கள் நூலகத்தில் மாலினி பேசினாள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், மெல்பேர்ணின் இந்தப் பக்கத்திலிருந்து மாநில சட்டசபைக்குப் போன பேக்கரிக்காரரின் வாழ்க்கைதான் பேச்சு. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் பழைய பத்திரிகைகளின் படச்சுருள்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தவள் நான். "ஒருக்கா பாத்திட்டுத் தாறன்" என்று என் குறிப்புக் கொப்பியை வாங்கிப் போனவள் அவள்.

பாண் சுட்டவர் ரயில்வே அமைச்சரான கதையைச் சொன்னாள். கடைசியில், தேர்தலில் தோற்ற மறுநாள் விடியவே அடுப்பை மூட்டி, தனக்கு வாக்களிக்காத வீடுகளுக்கும் பாண் கொண்டுபோய்க் கொடுத்தார் என்றாள். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி கண்ணைத் துடைத்தாள். கைதட்டல் ஓயவே இல்லை.

அப்படிச் செய்தது அவர் இல்லை. பக்கத்துப் பத்தியில் இருந்த வேறொருவரின் செய்தியை நான்தான் மாறி எழுதிவிட்டேன். போன மாதம் கண்டுபிடித்தும் மாலினிக்குச் சொல்லவில்லை. கூட்டத்தில் யாராவது எழும்பிப் பிழை பிடிக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

காரில் இவர், "மாலினி நல்லாக் கதைச்சா, என்ன?" என்றார்.

"ஓம்" என்றேன்.

நான் பேசியிருந்தால் சரியாகப் பேசியிருப்பேன். ஒருவரும் அழுதிருக்க மாட்டார்கள்.