இரண்டு கை கச்சான்

18.02.2025, செவ்வாய்

இரத்தினத்தை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். வயிற்றுப் புற்றுக்கு இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, ஆசைப்பட்டதைக் கொடுங்கோ என்று டொக்டர் சொன்னார். நான் அவருடைய தோளில் தட்டி, ஒரு மாதத்தில் இவளை நடத்திக் கொண்டுவந்து உங்களுக்கு முன்னால் நிறுத்துகிறேன் என்று சொன்னேன். வார்டே திரும்பிப் பார்த்தது. தாதிமார் கை தட்டாத குறை.

ஓட்டோவுக்குள் வரும்போது இரத்தினம் கண்ணைத் திறக்காமலே, "தோளில தட்டேல்லை. கதவடியில நிண்டுதான் சொன்னனீங்கள்" என்றாள்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து இதுதான் அவளுடைய உத்தியோகம். நான் ஒன்றைச் சொன்னால் குசினிக்குள் இருந்தபடியே "அரைவாசி" என்று குரல் வரும். கனடாவில் இருக்கிற எங்கள் மகள் யதுஷாவும் போனில் என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "அம்மா, எவ்வளவு?" என்பாள். "அரைவாசி பிள்ளை." இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வெட்டி எடுத்த பிறகும் என் கதை மற்றவனின் முழுக்கதையை விடப் பெரிது.

ஸ்டேஷன் றோட்டில் நெரிசல். ஓட்டோவுக்குப் பக்கத்தில் அவிச்ச கச்சான் வண்டி, கோதோடு அவிந்த நிலக்கடலையின் மூடியைத் திறந்து ஆவி பறக்க. சோறு கொதிக்கும் மணத்துக்கே ஓங்காளிக்கிறவள் தலையைத் தூக்கினாள். "கச்சான்" என்றாள். வாங்கி, வீட்டுக்கு வந்ததும் கோதை உடைத்து உள்ளே இருந்த ஒரு பருப்பை அவளுடைய வாயில் வைத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு உள்ளங்கையில் துப்பினாள். கல்லு மாதிரி இருக்குதாம்.

பிழை கச்சானில் இல்லை, அவித்தவனில். யதுஷா அனுப்பிய ஸ்லோ குக்கர் அலுமாரிக்கு மேலே பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. நாளைக்கு நான் அவிக்கிறேன். ஒருகொடவத்தை கொண்டெய்னர் யார்டில் நான் சுப்பவைசராக இருந்த காலத்தில் கிரேக்கக் கப்பல் கப்டன் ஒருவன் என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, கப்பலுக்கே வந்துவிடு என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினவன்.

அவள் சாப்பிடத் தொடங்கினால் எழும்புவாள். வேறு மருந்து வேண்டாம்.

19.02.2025, புதன்

குக்கர் எரிந்துவிட்டது.

கனடாப் பிளக் நம்முடைய ஓட்டைக்குள் போகாது என்று தெரிந்து, அதற்கொரு மாற்றுப் பிளக் கொழுவி, கச்சானைக் கொட்டி, உப்பும் போட்டேன். மெதுவாக அவிக்கும் சட்டி என்று பேர். போட்ட கையோடு கிழவனைப் போல இருமியது, அடுத்தது பேய் பிடித்த மாதிரிக் கொதித்தது, பிறகு புகை. ட்ரிப் சுவிட்ச் விழுந்து மாடி முழுக்க - சரி, எங்கள் வீட்டில் மட்டும் - கரண்ட் இல்லை.

அறைக்குள் இருந்து இரத்தினம், "என்ன மணம்?" என்றாள். கச்சான் தயாராகுது என்றேன்.

20.02.2025, வியாழன்

அவளுக்கு இரண்டு கரண்டி இளநீர். நான் ஒன்றும் சமைக்கவில்லை.

22.02.2025, சனி

எதிர்வீட்டு ஸாலிஹ் வந்து குக்கரைக் கவிழ்த்துப் பார்த்தார். "அங்கிள், இது அங்கத்தைய கரண்டுக்குச் செஞ்சது. நம்மட கரண்டு அதுக்கு டபுள்" என்றார். எனக்குத் தெரியாத விஷயமா? சோதித்துப் பார்த்தேன் என்றேன். அவருடைய மனைவி ஷபீகா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நல்ல மனுசன். சட்டிக்குள் எரியவில்லை, வயர்தான் போனது என்று சொல்லி, வயரை மாற்றி, புறக்கோட்டைக் கடைகளில் தேடி கரண்டைக் குறைக்கும் பெட்டி ஒன்றும் கொண்டுவந்து தந்தார். குக்கரை விடப் பாரமான பெட்டி. விமானத்துக்கு வைக்கிற சாமான் மாதிரி உறுமுகிறது.

மார்க்கெட்டில் பச்சைக் கச்சான் கிடைத்தது, மண்ணோடு. வறுத்ததைத் தரப் பார்த்தான். "அமு ஏவா, மல்லி", பச்சையைத் தா தம்பி என்று சிங்களத்தில் ஒரு அதட்டு அதட்டினேன். கழுவி உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறேன். மிதக்கிற சாதி என்பதால் மேலே ஒரு கோப்பையைக் கவிழ்த்து அமத்த வேண்டும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

23.02.2025, ஞாயிறு

விடியப் போட்டது பின்னேரம்தான் பதத்துக்கு வந்தது. பதம் எப்படித் தெரியும் என்றால், கோதை இரண்டு விரலால் அமத்த உப்புத் தண்ணீர் பீறிட வேண்டும். பருப்பு அவித்த பலாக்கொட்டையைப் போல நசிய வேண்டும்.

கட்டிலில் சாய்த்து வைத்து அவளுக்கு முன்னாலேயே அமத்தினேன். தண்ணீர் அவளுடைய கன்னத்தில் தெறித்தது. சிரித்தாள். கனநாளுக்குப் பிறகு. ஒரு பருப்பை நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையில் வைத்து நசித்து நசித்து, விழுங்கிவிட்டாள். விழுங்கிவிட்டாள்! அடுத்ததை நீட்டினேன். தலையை ஆட்டினாள். வெறும் கோதை வாங்கி உப்பை மட்டும் கொஞ்சம் உறிஞ்சினாள்.

அந்த நேரம் பார்த்து யதுஷாவின் வீடியோ போன். அம்மா ஏதாவது சாப்பிட்டவவா என்று கேட்டாள். "ரெண்டு கை கச்சான்" என்றேன். எப்படி அந்தச் சொல் வந்தது? சந்தோசத்தில் வந்தது.

அவள் வழக்கம்போல, "அம்மா, எவ்வளவு?" என்றாள்.

நான் இரத்தினத்தைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அம்மா ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"வாய்க்குள்ள கச்சான் பிள்ளை. எப்பிடிக் கதைக்கிறது?"

மேசையில் கோதுக் குவியல் இருந்தது. பதம் பார்க்கவென்று நான் தின்றவை. போனைத் திருப்பி அதைக் காட்டினேன். கொம்மாவின்ர வேலையைப் பார் என்றேன். யதுஷா அழுதுகொண்டே சிரித்தாள்.

25.02.2025, செவ்வாய்

யதுஷா அடுத்த கிழமை வரப் பார்த்திருக்கிறாள். கனடாவில் எல்லாரும் வரிக்கணக்குக் கொடுக்கிற காலமாம், அவள் வேலை செய்வது அந்தக் கணக்குப் பார்க்கிற கந்தோரில். இப்போது லீவு எடுத்தால் வேலை போனாலும் போகும். "இப்ப வரவா, சித்திரை முடிய வரவா? நீங்களே சொல்லுங்கோ அப்பா" என்றாள்.

சித்திரை முடிய வா என்றேன். அதற்குள் கொம்மா எழும்பி ஏயார்போர்ட்டுக்கே வருவா, பிட்டு அவித்து எடுத்துக்கொண்டு வருவா என்றேன்.

எழும்பி வருவாள்தான். இன்று அரைப் பருப்பு.

02.03.2025, ஞாயிறு

ஷபீகாவுக்கு இன்று முதல் நோன்பு. கச்சான் மணம் நோன்பு பிடித்தவளுடைய வீட்டுக்குள் போகக்கூடாது என்று கதவை அடைத்துவிட்டுத்தான் அவித்தேன். பின்னேரம் அவளே நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். இரத்தினம் நாக்கை நனைத்தாள்.

ஷபீகா போன பிறகு இரத்தினத்திடம் கேட்டேன். இஞ்சரும், அண்டைக்குப் பிள்ளைக்கு ஏன் அரைவாசி எண்டு சொல்லேல்லை? களைப்பா?

உதட்டில் ஒட்டியிருந்த கஞ்சியை நக்கினாள். பிறகு, "நீங்கள் சொல்லேக்க எனக்கும் திண்ட மாதிரி இருந்தது" என்றாள்.

07.03.2025, வெள்ளி

இன்று மணம் மட்டும்தான். ஒரு கோதை உடைத்து மூக்கடியில் பிடித்தேன். போதும் என்று கையைத் தள்ளினாள். தள்ளிய கையில் பலமே இல்லை, ஒரு துணி விழுந்த மாதிரி.

போன் வருகிற நேரம் ஆயிற்று. நான் இருந்து தின்னத் தொடங்கினேன். பசியில்லை. உப்புக் கரித்தது. கோப்பை நிரம்பும்வரை தின்றேன். கோதுதானே யதுஷாவுக்குத் தெரியும்.

காட்டினேன். "அம்மா இண்டைக்குக் கூடச் சாப்பிட்டிருக்கிறா" என்றாள். அம்மாவைக் காட்டச் சொன்னாள். நித்திரை, வயிறு நிறைந்த நித்திரை என்றேன்.

பொய்யா? அவள் நாளைக்குத் தின்னப்போவதை இன்றைக்கே சொல்லுகிறேன், அவ்வளவுதான். யார்டில் கப்பல் வர முதலே வந்துவிட்டது என்று சொல்லுவேன். கப்பல் வராமல் விட்டதா?

11.03.2025, செவ்வாய்

இரத்தினம் இன்று முதல்முறையாகக் கேட்டாள். "பிள்ளை எப்ப வாறாள்?"

"இந்த வெள்ளி" என்றேன். "டிக்கெட் எடுத்திட்டாள்."

ஐயோ. ஏன் சொன்னேன்? சித்திரை முடிய என்று எப்படிச் சொல்லுவது, அந்த முகத்துக்கு? "வெள்ளி" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். அரைவாசி என்று சொல்லவில்லை. என்னை நம்பிவிட்டாள். இத்தனை வருடத்தில் இப்போதுதானா நம்ப வேண்டும்?

12.03.2025, புதன்

கச்சான் குக்கரில் அப்படியே இருக்கிறது. தண்ணீர் இறங்கவில்லை அவளுக்கு. காலையில் யதுஷாவுக்குப் போன் எடுத்தேன். நான் எடுப்பதில்லை, அவள்தான் எடுப்பாள். அதனாலேயே பயந்துவிட்டாள்.

"வா பிள்ளை" என்றேன்.

"அப்பா, என்ன?"

"கொம்மா சாப்பிடேல்லை. நான் காட்டின கோது எல்லாம் நான் திண்டது. அவ சாப்பிடவே இல்லையடி பிள்ளை. கெதியா வா."

மறுபக்கத்தில் கதிரை இழுபடும் சத்தம். பிறகு, "இது முழுசா, அரைவாசியா?" என்றாள். சிரிப்புக்குக் கேட்கவில்லை.

"முழுசு."

வியாழன் பின்னேரம்தான் விமானம் கிடைத்ததாம். எங்கேயோ இறங்கி மாறி, சனி வந்து சேருவாள்.

14.03.2025, வெள்ளி

நாள் முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் திறக்கிற சத்தத்துக்கெல்லாம் கண் அசைந்தது. பிளேன் கொஞ்சம் பிந்துது, இஞ்சரும். கொஞ்சம் பிந்துது. காதுக்குள்ளே சொல்லிக்கொண்டே இருந்தேன்.

15.03.2025, சனி

விடிய இரத்தினம் போய்விட்டாள். மத்தியானம் பிள்ளை வந்தாள்.

18.03.2025, செவ்வாய்

நேற்று எல்லாம் முடிந்தது. சனம் வந்தது, போனது. எத்தனை பேர் என்று எழுத மனமில்லை.

இன்று யதுஷா குசினியைக் கழுவப் போனாள். குக்கரின் மூடியைத் திறந்தாள். புதன்கிழமைக் கச்சான் புளித்து நூலாடிக் கிடந்தது. கொட்டச் சொன்னேன். கொட்டவில்லை. ஒன்றை எடுத்து அமத்திப் பார்த்தாள்.

"நல்லாத்தான் அவிச்சிருக்கிறீங்கள்" என்றாள்.

நான் குசினி வாசலில் நின்றேன். ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசியிருக்கலாம்.

"நீங்கள் ரெண்டு கை எண்டு சொல்லேக்க நான் அப்பிடியே நம்பேல்லை அப்பா. அம்மா சொல்லாட்டிலும் நானே அரைவாசியாக்கித்தான் எடுத்தனான். அரைவாசி எண்டாலும் ஒரு கை கச்சான். ஒரு கை கச்சான் சாப்பிடுற ஆள் சித்திரை முடியும்வரைக்கும் இருப்பா எண்டு நினைச்சன்."

சொல்லிவிட்டுத் தண்ணீரைத் திறந்து சட்டியைக் கழுவினாள். உரஞ்சி உரஞ்சிக் கழுவினாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இந்த வாய்க்கு.

23.03.2025, ஞாயிறு

எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்த கையோடு யதுஷா போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் சடங்கு வரைக்கும் நிற்க லீவு கொடுக்கவில்லையாம். என்னைக் கட்டிப்பிடித்துத்தான் போனாள். வாசலில் ஷபீகாவோடு கனநேரம் நின்று கதைத்தாள். என்னோடு கதைக்க ஒன்றும் இருக்கவில்லை.

02.04.2025, புதன்

குக்கரை ஸாலிஹிடம் கொடுத்துவிட்டேன். பெட்டியையும்.

14.04.2025, திங்கள்

வருடப்பிறப்பு. இரத்தினத்தின் முப்பத்தோராம் நாளும் இன்றுதான். ஐயர் கேட்டார், அம்மாவுக்குப் பிடித்தமான சாப்பாடு ஏதும் படைக்க வேண்டுமா என்று. இல்லை என்றேன்.

27.04.2025, ஞாயிறு

யதுஷா கிழமைக்கு ஒருக்கால் எடுக்கிறாள். சுகமா என்கிறாள், சுகம் என்கிறேன். என்ன சாப்பிட்டீங்கள் என்று மட்டும் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்று மத்தியானம் ஷபீகா சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் மீனும் போட்டு மூடிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பிறகு சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். அவள் போன பிறகு கடல் பக்கத்து யன்னலடியில் இருந்தேன். சாப்பிட மனமில்லை. நேற்றும் அப்படித்தான், கோப்பையை இரவில் கொட்டிக் கழுவிக் கொடுத்தேன்.

குப்பைப் பையை வைக்கக் கதவைத் திறக்கப் போனேன். வெளியே லிஃப்டடியில் ஷபீகா போனில் கதைத்துக்கொண்டு நின்றாள். மெதுவாகத்தான் கதைத்தாள். "ஓம் யது, நான்தான் குடுத்த. சாப்புட்டு முடிஞ்சி. கோப்பைல ஒண்டும் மிச்சமில்ல. ஒவ்வொரு நாளும் பாத்துட்டுத்தான் உங்களுக்குச் செல்றேன். நீங்க யோசிக்காதீங்க."

கனடாவில் அப்போது விடியப்போகிற நேரம். எழும்பி முதல் வேலையாக எடுத்திருக்கிறாள்.

கதவைத் திறக்கவில்லை. பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். மேசைக்குப் போய் மூடியை எடுத்தேன். சோறு ஆறிப்போயிருந்தது. இருந்து சாப்பிட்டேன், மீன் முள்ளு மட்டும் மிஞ்சும்வரை. ஷபீகா சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.