ஆயில் மாற்றியாச்சு என்று நான் சொன்னது

என் கண்ணு குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சித்தியும் சௌக்கியம், சௌக்கியமில்லாதது சித்தியின் கார் மட்டும்தான். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், வாண்டுவுக்குச் சளி விட்டதா. வெள்ளிக்கிழமை மூன்று பேரும் அந்த மலைப்பாதையில் ஏழு மணி நேரம் காரில் போகப்போகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணத்தைச் சொல்லத்தான் மூன்று தடவை போன் போட்டேன். மூன்று தடவையும் வாண்டு பிடுங்கிக்கொண்டு ஏதோ மழலை பேச, நீ சிரிக்க, நான் மழை பெய்த கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் பாதியில் நழுவ முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். கூரியரில் போடுகிறேன், புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும்.

போன திங்கட்கிழமை சித்தியின் கார் பாலத்து மேலே நட்டநடுவில் நின்றுவிட்டது. அதற்கு முன்னாலேயே ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்திருக்கிறது, மகாராணி வீடு பக்கம்தானே என்று ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பின்னால் வந்த லாரிக்காரர் சட்டென்று பிரேக் போட்டதால்தான் என் தங்கை இன்றைக்கு என்னிடம் வாயாடிக்கொண்டிருக்கிறாள். ஷெட்டுக்கு அவளோடு நானும் போனேன், மெக்கானிக் எஞ்சின் மேல்மூடியைக் கழற்றிக் காட்டினார். எண்ணெய் ஓட வேண்டிய இடமெல்லாம் ஷூ பாலிஷ் மாதிரி கருப்பாக அப்பிக் கிடக்கிறது. அடியில் எண்ணெய் உறிஞ்சுகிற சல்லடை அடைத்துப்போய், மேலே ஒரு சொட்டு ஏறவில்லையாம். சித்தி சும்மா இருப்பாளா, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஒழுங்காக மாற்றுகிறேன், எங்க அக்கா சொல்லிக்கொடுத்த கணக்கு என்று என்னைக் கைகாட்டிவிட்டாள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, நீங்க கிலோமீட்டரை மட்டும் பாக்குறீங்க. தெருமுனைக்குப் போய்ட்டு வந்தா எஞ்சின் சூடே ஆகாது, உள்ள ஈரம் தங்கிடும். வண்டி ஓடலன்னாலும் எண்ணெய் கெட்டுப்போகும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்திடணும்." நான் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குக் கொடுத்த வண்டியை ஒன்பது வருஷம் நான் அப்படித்தானே ஓட்டினேன். வீட்டிலிருந்து தையல் கடைக்கு நாலு தெரு, கடையிலிருந்து வீட்டுக்கு நாலு தெரு. அந்தக் கணக்கில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் அதிகம். புதுசு மாதிரி வைத்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதுதான் மிச்சம். நீ வண்டியை எடுத்துப்போன அன்று வாசலில் நின்று, ஆயில் மாற்றியாச்சா அம்மா என்று கேட்டாய், ஆச்சு என்றேன். மாற்றவில்லை கண்ணு. அளவு குறைந்திருந்ததால் அரை லிட்டர் மேலே ஊற்றினேன், அவ்வளவுதான். ஐயாயிரத்துக்கு இன்னும் தொள்ளாயிரம் பாக்கி இருந்தது, அப்பா வேறு பக்கத்தில் நின்றுகொண்டு வண்டியைப் பற்றி உங்க அம்மாவுக்கு என்ன தெரியும் என்று சிரித்தார், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ரோஷத்தில் பெற்ற பெண்ணிடம் பொய் சொன்னேன். நீயும் அதை நம்பி இதுவரை மாற்றியிருக்க மாட்டாய்.

வியாழக்கிழமைக்குள் நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிடு. எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்ளே பார்க்கச் சொல், அடியில் எண்ணெய் தேங்குகிற தட்டையும் கழற்றிப் பார்க்கச் சொல். கருப்பாகப் பசை இருந்தால் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போங்கள். மாப்பிள்ளை சுத்தம் பண்ணுகிற மருந்து ஏதாவது வாங்கி ஊற்றுகிறேன் என்று கிளம்புவார், விடாதே, பசை கட்டியாகப் பெயர்ந்து வந்து சல்லடையை அடைத்துக்கொள்ளுமாம். தட்டையும் சல்லடையையும் துடைத்து, ஆயிலும் ஃபில்டரும் புதுசு போட்டு, கொஞ்ச நாள் ஓட்டியபின் மறுபடியும் மாற்றச் சொன்னார் நம்ம மெக்கானிக். நீயும் வாண்டுவைப் பள்ளியில் விடத்தான் வண்டி எடுக்கிறாய், வாரத்துக்கு ஒரு நாளாவது பெரிய ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டு. சிவப்பு விளக்கு எரிந்தால் இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நினைக்கவே நினைக்காதே, ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடு, வண்டி போனால் போகிறது.

அப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். கேலி பண்ணுவார் என்று பார்த்தால் உங்கள் ஊரிலிருந்து மலைக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டார், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வாண்டுவுக்கு என் முத்தம். என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றும், ஆசை தீரத் திட்டு, வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். அந்தப் போனை மட்டும் வீட்டிலிருந்து போடு கண்ணு, மலையில் நின்றுபோன வண்டிப் பக்கத்திலிருந்து போட்டுவிடாதே.

இப்படிக்கு,
போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா