என் வீடும் ஒரு தலைக்கட்டு

மார்ச் 16, ஞாயிறு

பங்குனிப் பொங்கலுக்கு வரி வாங்க இன்று தெருவுக்குள் வந்தார்கள். பக்கத்து வீட்டில் வாங்கினார்கள், எதிர் வீட்டில் வாங்கினார்கள். வரி பிரிக்கிற சோலைராஜ் என் வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை எங்கள் வீடும் ஊரில் வரி கட்டுகிற குடும்பம், ஒரு தலைக்கட்டு. இவர் போய் மூன்று வருடமாக இல்லை. ஆண் இல்லாத வீட்டில் ஊர் வரி வாங்காது. கழுகுமலையிலிருந்து அம்மா போனில் சொல்கிறாள், “மிச்சந்தானேட்டி, சும்மா கெட.”

மிச்சமா? வரி கட்டாத வீட்டு வாசலில் அம்மன் சப்பரம் நிற்காது. வரி கட்டாதவள் ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. போன வருடம் ஓடைப்பாதையை முள் வெட்டிப் போட்டு அடைத்தார்கள். என் புஞ்சைக்கு அதுதான் வழி. உளுந்து மூட்டையைச் சுற்றுப்பாதையில் தூக்கிவந்து இடுப்பு ஒடிந்தது. ஏன் அடைத்தீர்கள் என்று கேட்க எனக்கு அங்கே இடமில்லை.

இந்த வருடம் கட்டிவிடுவது. முழு வரி. என் பேரில்.

மார்ச் 18, செவ்வாய்

கோயில் தர்மகர்த்தா சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் எரிச்சல்.

“ஒம் மூத்தார் ராமசுப்பு பேருல சேத்துக் குடுத்துரும்மா. இல்லன்னா வனிதாவுக்கு மாப்பிள வரட்டும், அவம் பேருல வாங்கிக்கிடுதோம்.”

என் மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். எங்கேயோ இருக்கிற ஒருத்தன் வந்தால்தான் என் வீடு வீடாகுமாம்!

“அண்ணாச்சி, வீட்டுத் தீர்வை எம் பேருல. பால் சொசைட்டில ஊர்ப்பால் அம்புட்டையும் நாந்தான் அளந்து கையெழுத்துப் போடுதேன். அதெல்லாம் செல்லுது, இது செல்லாதா?”

“அது கவர்மெண்டு. இது சாமி காரியம்.”

அந்தச் சாமியே பொம்பளைதானே என்று கேட்டிருக்க வேண்டும். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தோன்றுகிறது. எனக்கு எப்போதும் இப்படித்தான்.

மார்ச் 20, வியாழன்

இவருடைய அண்ணன் ராமசுப்பு அத்தான் வந்தார். நாற்காலி எடுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

“நான் என்ன செத்தா போய்ட்டேன்? தம்பி குடும்பத்தக் கைவிட்டுட்டேன்னுல்லா ஊரு பேசுது.”

அவர் கைவிடவில்லை. இவர் படுத்திருந்தபோது ஆஸ்பத்திரிக்கு அலைந்தது அவர்தான். அதனால்தான் என்னால் சத்தம் போட முடியவில்லை. “ஒங்க வீடு வேற, எங்க வீடு வேற அத்தான்” என்று மட்டும் சொன்னேன். விருட்டென்று கிளம்பிவிட்டார்.

மார்ச் 22, சனி

காலையில் சொசைட்டியில் பாதிக் கேன்கூட நிறையவில்லை. பசுவந்தனை ரோட்டில் தனியார் வண்டிக்கு ஊற்றுகிறார்களாம். யாரும் திட்டவில்லை, சண்டைக்கு வரவில்லை. பால் கொண்டு வரவில்லை, அவ்வளவுதான். கேன் ஏற்ற வந்த டிரைவர் சபியுல்லா தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னக்கா, ஊர்ல மாடெல்லாம் வத்திட்டா?” என்றான். சிரிக்க முடியவில்லை. இப்படியே போனால் சொசைட்டியை மூடிவிடுவார்கள். என் சம்பளம்? வனிதாவின் காலேஜ்?

அவளே கேட்டுவிட்டாள்: “பரீட்ச நேரத்துல இது தேவையாம்மா?”

தேவையா? தெரியலயே. பயமா இருக்கு.

மார்ச் 23, ஞாயிறு

இன்றும் அப்படியே. தெருக்கோடி வெயிலுகந்தம்மாள் அக்கா மட்டும் செம்பில் பாலோடு வந்தாள். அவளும் புருஷனைப் பறிகொடுத்தவள்தான், எனக்கு ரொம்ப முன்னாலேயே.

“ஏட்டி செல்வி, வரி குடுக்கப் போகைல எனக்கும் சேத்துக் குடுத்துராத. நானே வந்து குடுக்கேன்” என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று பொங்கல் சாட்டு, திருவிழாவை ஊருக்கு அறிவிக்கிற நாள். மேளம் அடித்ததும் ஊர் கோயில் முன்னால் கூடியது. ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே நானும் அக்காவும் நடந்து போனோம். அம்மன் முன்னால் வரித்தட்டு இருந்தது. ஆளுக்கொரு வரியைத் தட்டில் வைத்தோம்.

“எடுத்துட்டுப் போங்கம்மா” என்றார் தர்மகர்த்தா.

“அம்மன் முன்னால வச்சாச்சு அண்ணாச்சி. வச்சத நான் எடுக்க மாட்டேன். வேணும்னா நீங்க எடுத்துக் குடுங்க.”

ஒருத்தரும் எடுக்கவில்லை. அம்மன் தட்டில் விழுந்த காசை எடுத்து வெளியே கொடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தர்மகர்த்தா பூசாரியைப் பார்த்தார், பூசாரி விளக்கைப் பார்த்தார். யோசித்து வைத்திருந்தாயா என்று திரும்பி வரும்போது அக்கா கேட்டாள். இல்லை. வாயில் வந்தது.

மார்ச் 26, புதன்

தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். பாலும் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

சப்பரம் நிற்கவில்லை.

வனிதா வாசல் தெளித்துக் கோலம் போட்டு, தேங்காய் பழத் தட்டோடு நின்றாள். எங்கள் வீட்டுக்கு நேரே மேளம் கொஞ்சம் தயங்கின மாதிரி இருந்தது — இல்லை, அது என் ஆசையா? முன்கம்பைத் தோளில் தாங்கிப் போன அத்தான் தலை நிமிரவில்லை.

உள்ளே வந்து தட்டை வைத்துவிட்டு, “இப்பம் புரியுதும்மா” என்றாள் வனிதா. அழுதது நான்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோயில் மைக்கில் சோலைராஜ் பொங்கல் கணக்கு வாசித்தான். வீட்டிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். வரி கட்டிய தலைக்கட்டுகளின் பேரெல்லாம் முடிந்தது. கடைசியில், “காணிக்கை — இசக்கிச்செல்வி, வெயிலுகந்தம்மாள்.”

காணிக்கையா! அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை, ஓடிப்போய்த் தர்மகர்த்தா முன்னால் நின்றேன். “வரின்னு குடுத்தத எப்பிடிவே காணிக்கைன்னு எழுதுவீரு? அம்மங் கணக்குல பொய் எழுதலாமா?” மைக் போட்டபடியே இருந்தது. ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. தர்மகர்த்தாவைப் போய் மரியாதையில்லாமல் ‘வே’ என்று சொல்லிவிட்டேன்!

கூட்டத்திலிருந்து அத்தான் எழுந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

“அவ சொல்லுதது சரிதான். வரின்னு வச்சத நானும் பாத்தேன். அம்மங் கணக்கு, திருத்திப் போடுங்க.”

என்னைப் பார்க்காமலே போய்விட்டார். திருத்தினார்களா? தெரியாது. தர்மகர்த்தா நோட்டை மூடிவிட்டார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பால் வர ஆரம்பித்துவிட்டது. தனியார் வண்டிக்காரன் விலையைக் குறைத்துவிட்டானாம். என் மேல் பாசம் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

சாயங்காலம் அத்தான் வாசலில் நின்று கூப்பிட்டார். “நாளைக்கு ஊருணி வெட்டு. வீட்டுக்கு ஒரு ஆளு மம்பட்டியோட வரணும். விடியமுன்ன அங்கன நிக்கணும். வராத வீட்டுக்கு அபராதம்.”

“எங்க வீட்டுக்குமா அத்தான்?”

“பின்ன? தலைக்கட்டுன்னா சும்மாவா?”

அடுத்த வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டார். அபராதம் என்ற சொல்லைக் கேட்டு இந்த ஊரில் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஓடைப்பாதை இன்னும் அடைத்துத்தான் கிடக்கிறது. அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டும். கேட்பேன்.

எங்கள் வீட்டு மண்வெட்டிக்குக் காம்பு இல்லை. வெயிலுகந்தம்மாள் அக்காவிடம் இரவல் கேட்கப் போனேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒனக்கு எப்பிடிட்டி தருவேன்?” என்றாள். “எனக்கும்லா சொல்லிட்டுப் போயிருக்காவ.”