பின்கதவில் இரண்டு தட்டு

அக்கா,

போன கிழமை எங்கள் பழைய பிக்கப்பைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனேன். அப்போதும் அதன் கொக்கி என்னைச் சும்மா விடவில்லை. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற கராஜில் வண்டியைச் சுற்றி வந்தபோது, ட்ரெயிலர் பூட்டுகிற அந்த இரும்புக் குண்டில் முழங்காலுக்குக் கீழே நேராகப் போய் இடித்துக்கொண்டேன். கண்ணில் பூச்சி பறந்தது. குனிந்து காலைத் தேய்க்கும்போது பழைய கிறீஸ் மணம் அடித்தது. அந்த மணத்தோடு உங்கள் குரலும் வந்துவிட்டது.

"கண்ணைப் பிடரியிலையே வைச்சுக்கொண்டு நடக்கிறாய், பிள்ளை?"

அந்தக் குண்டு என் காலில் எத்தனை தழும்பு போட்டிருக்கிறது! உங்கள் காலில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பொறாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

நான் வாங்கியிருக்கிற புது பிக்கப்புக்கு எந்தக் கொக்கி போடுவது என்று மெக்கானிக் கேட்டார். மேசையில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கக்கூடியது. பார்க்க வடிவு, காலுக்கும் சுகம். மற்றது, உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய தட்டில் பூட்டுவது. பாரமான, முரட்டுச் சாமான். எதைப் போட்டாலும் வண்டியின் பதிவுப் புத்தகமான லிப்ரெத்தோவில் பதிய வேண்டும், யோசித்துச் சொல்லுங்கள் சிஞ்ஞோரா என்றார்.

இரண்டையும் மாறிமாறித் தூக்கிப் பார்த்தேன். கொக்கியை வாங்கினால், இந்தத் தொழிலை நீங்கள் இல்லாமல் நடத்தப்போகிறேன் என்று அர்த்தம். மகள் வேண்டாம் என்கிறாள். "தனிய உந்தப் பாரங்களை இழுக்கேலாதம்மா. பழையபடி வீட்டு வேலைக்குப் போங்கோ." அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் தனியாக ட்ரெயிலர் பூட்டியதில்லை.

இந்தச் சிசிலியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் மாடிக்கொரு வீடாகத் தரை துடைத்தவர்கள். அந்த வேலையை விட்டுவிட்டுக் கலியாண வீடுகளுக்கும் கோயிலுக்கும் சமையல் வண்டி கொண்டுபோகலாம் என்று நீங்கள் சொன்னபோது, உங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். நீங்களோ வன்னியில் ட்ரக்டர் பெட்டி இழுத்தவர். பத்தென்தே என்கிற ஓட்டுநர் லைசென்ஸை எடுத்து, பழைய பிக்கப்பை வாங்கி, என்னையும் ஓட்டப் பழக்கினீர்கள். சமையல் ட்ரெயிலரோடு ஜெனரேட்டர் ட்ரெயிலரும் வந்தது. பிறகு பகேரியா மனிதர் ஒருவரின் படகையும் இழுத்தோம். மூன்றும் மூன்று உயரம், மூன்று குணம்.

பகேரியாவில் ஒரு கலியாணத்துக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? பெருந்தெருவில் நான்தான் ஓட்டினேன். திடீரென்று சமையல் ட்ரெயிலர் பின்னால் வால் ஆட்டத் தொடங்கியது. கண்ணாடியில் அது ஒருமுறை இந்தப் பக்கம் தெரிந்தது, அடுத்த முறை அந்தப் பக்கம். நான் பிரேக்கை மிதிக்கப் போக, பக்கத்திலிருந்து நீங்கள் கத்தினீர்கள்.

"பிரேக்கிலை கால் வைக்காதை! அக்சிலேட்டரை விடு. ஸ்டியரிங்கைச் சும்மா பிடிச்சுக்கொண்டிரு."

தெரு ஓரத்தில் நிறுத்தினோம். கொக்கி உயரம், ட்ரெயிலர் தாழ்வு. அதனால் அதன் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. போதாக்குறைக்கு அரிசி மூட்டை எல்லாவற்றையும் நான் வாலில் ஏற்றியிருந்தேன். நல்ல சேலையோடு நின்று இரண்டு பேரும் மூட்டைகளை முன்னுக்கு இழுத்தோம். அடுத்த கிழமையே நீங்கள் அந்தக் கொக்கியைக் கழற்றிவிட்டு, ஏற்றி இறக்குகிற தட்டைப் போடுவித்தீர்கள். நான் அப்போதே வடிவான கொக்கிக்குத்தான் ஆசைப்பட்டேன். "வண்டியைப் பாத்துக் கொக்கி வாங்காதை. பின்னாலை வாறதைப் பாத்து வாங்கு" என்றீர்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அதற்காக உங்களுக்குப் பிழையே வராது என்றில்லை. ஆயுத பூசையன்று கொக்கிக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, கழுத்தில் பூமாலையும் கட்டியது யார்? மாலையைக் கழற்றாமலே அதன்மேல் ட்ரெயிலரைப் பூட்டினோம். நூல் உள்ளே சிக்கியதில் பூட்டு விழுந்த மாதிரி இருந்தது, விழவில்லை. அல்பெர்கேரியாவின் ஒடுக்கமான சந்தில் ஒரு குலுக்கலோடு ட்ரெயிலர் கழன்றது. நல்லகாலம், சங்கிலி பிடித்துக்கொண்டது. சாம்பார் மட்டும் பிடிபடாமல் தெருவில் ஓடியது. பலகணிகளில் நின்ற சிசிலியன் கிழவிகள் மூக்கை உறிஞ்சி, அது என்ன சமையல் என்று கேட்டார்கள். நீங்கள் தெருவிலேயே குந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

சிரித்து முடித்து ஒரு சட்டம் போட்டீர்கள். பூட்டிய பிறகு ட்ரெயிலரின் முன்னால் இருக்கிற சின்னச் சில்லை, அந்தத் தாங்குச் சக்கரத்தை, இறக்கி, கைபிடியைச் சுற்ற வேண்டும். பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால்தான் பூட்டு விழுந்ததென்று அர்த்தம். பிறகு சில்லை ஏற்றி, சங்கிலி பார்த்து, விளக்குப் பார்த்து, பின்கதவில் உங்கள் கையால் இரண்டு தட்டு. அந்தத் தட்டுக் கேட்காமல் நான் வண்டியை எடுத்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் பேசவே களைத்துப்போன உங்கள் கடைசி நாட்களிலும் நீங்கள் கேட்டது, "குண்டுக்குக் கிறீஸ் போட்டனியே?" என்றுதான். "ஓம் அக்கா, போட்டனான்" என்றேன்.

மெக்கானிக்கிடம் முரட்டுக் கொக்கியைத்தான் காட்டினேன். அவர் என் காலைப் பார்த்துவிட்டு, நிச்சயமாகவா என்று கேட்டார். ட்ரெயிலர் மூன்று இருக்கிறதே என்றேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் அன்னதானம். காலையில் தனியாகப் பூட்டினேன். புது பிக்கப்பில் பின்னால் கமெரா இருக்கிறது, குண்டு எங்கே நிற்கிறதென்று அதுவே காட்டுகிறது. "வா, வா, இன்னும் கொஞ்சம், நில்!" என்று கத்த ஆள் தேவையில்லை. ஒரே தரத்தில் பொருந்திவிட்டது. சில்லை இறக்கிக் கைபிடியைச் சுற்றினேன், பின்பக்கம் எழும்பியது, சில்லை ஏற்றினேன். அரிசி முன்னுக்கு இருந்தது. சங்கிலி சரி, விளக்குச் சரி. ஏறி இருந்து திறப்பைப் போட்டு எஞ்சினையும் இயக்கிவிட்டேன்.

ஆனால் வண்டியை எடுக்க முடியவில்லை, அக்கா. கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எதற்குக் காத்திருக்கிறேன் என்று தெரிந்தபோது அழுகை வந்துவிட்டது.

பிறகு இறங்கிப் பின்னால் போனேன். போகிற வழியில் காலை இடித்துக்கொண்டேன். பின்கதவில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஓடிவந்து ஏறி வண்டியை எடுத்தேன்.